உன் மகளுக்குத்தான் செய்யுதேன்

மாடி வீட்டைப் பாக்க வந்தீய, பாத்தாச்சு. தண்ணி வருமான்னு கேட்டீய, சொல்லியாச்சு. இன்னும் ஒண்ணை வாயில வச்சுக்கிட்டுக் கேக்காம நிக்கீய பாருங்க, அதையும் நானே சொல்லிருதேன். முக்குக் கடையில வழி கேட்டிருப்பீய. அவன் என்ன சொன்னான்? "அந்தம்மா வீடா, அது செய்வினை வைக்கும், பாத்துக்கிடுங்க"ன்னு சொன்னானா இல்லியா? சொல்லியிருப்பான். கல்லாவுல உக்காந்து அவன் விக்கிற சரக்குல அது ஒண்ணுதான் புதுசு. உக்காருங்கம்மா. உங்க வீட்டுக்காரர் வாசல்ல போன் பேசி முடிக்கதுக்குள்ள சொல்லிருவேன்.

நான் ஆவுடையம்மா. கூட்டுறவு சொசைட்டியில கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆனவ. பிள்ளை குட்டி கெடையாது. எங்க வீட்டுக்காரவிய போயிச் சேந்த பெறகு, அந்தா ஷெட்டுல நிக்கே கார், அதை வித்துரணும்னு அவிய தம்பிக்காரன் கருமாதிச் சோறு செரிக்கும் முன்னால வந்து நின்னான். "மைனி, உங்களுக்கு எதுக்கு வண்டி?"ன்னான். ஓட்டத்தான்னு சொன்னேன். ஓட்டவும் படிச்சேன். இந்தத் தெருவுக்கு அதுவே பெரிய செய்வினை. பொம்பளை, அதுவும் தாலி இல்லாத பொம்பளை, வண்டியப் பின்னால எடுத்தா நாலு வீட்டு ஜன்னல் தொறக்கும்.

சரி, செய்வினைங்காவல்லா, அது என்னன்னு சொன்னா நீங்க சிரிப்பீய. கார் லைட்டைச் சரி பண்ணேன். அவ்வளவுதான். வேற ஒண்ணுமில்ல.

பக்கத்து வீடு வடிவு வீடு. அந்த வெள்ளைச் சுவர் அவளுக்குள்ளதுதான். வடிவுன்னா எனக்கு யாருங்கீய? நான் குழம்பைக் கூட்டி அடுப்புல வச்சா அவ வந்துதான் உப்பு பாப்பா. வாசல் வழியா வந்ததே கெடையாது, கொல்லை வழியாத்தான் வருவா. "எக்கா"ன்னு ஒரு சத்தம் குடுப்பா, நான் ஏன்னு கேக்கும் முன்னால சட்டியைத் தொறந்திருவா. அவ மக சுகந்தியை இடுப்புல வச்சுச் சோறு ஊட்டுனவ நான். அந்தப் பிள்ளைக்கு மாப்பிள்ளை சவூதியில இருக்கான். தலைப்பிரசவத்துக்கு இங்க வந்திருந்தது. அப்பமே சொல்லிட்டேன், "ஏட்டி வடிவு, வலி வந்தா எந்நேரம்னாலும் என்னைக் கூப்பிடு. தென்காசி ஆஸ்பத்திரிக்கு என் வண்டியிலதான் கொண்டுபோறோம், வேற எவனையும் நம்பாத"ன்னு. அவளும் சரின்னு தலையாட்டுனா.

இதுக்கெடையில ஒரு கோயில் மாடு வந்து என் வண்டி முன்பக்கத்துல முட்டிட்டுது. ஜங்ஷன் பட்டறையில விட்டேன். பம்பரைத் தட்டி நேராக்கி, பெயிண்ட் அடிச்சுக் குடுத்தான். அன்னைக்குச் சாயங்காலம் எடுத்துட்டு வாரேன், லைட்டு ரோட்டுல விழல. புளியமரத்து உச்சியில விழுது. காக்கா கூடு தெரியுது, குழி தெரியல. எதிர்ல வாரவன் ஒவ்வொருத்தனும் என்னைப் பாத்து லைட்டை அணைச்சு அணைச்சுப் போடுதான். ஒருத்தன் பைக்கை நிறுத்தி, "யம்மா, கண்ணு அவிஞ்சு போச்சும்மா"ன்னு கும்பிட்டுட்டுப் போறான்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நெனைக்கீய? நான் அப்படி லைட்டு அடிக்கவனைப் பாத்தாலே காறித் துப்புறவ. ராத்திரி இந்த ரோட்டுல வந்து பாருங்க. எதிர்ல வாரவனுக்கும் கண்ணு இருக்கும்ங்கிற நெனப்பே ஒரு மூதிக்கும் கெடையாது. லைட்டு எவ்வளவு மேல அடிக்குதோ அவ்வளவு பெரிய மனுஷன்னு நெனப்பு. அதுல நானும் ஒருத்தியா ஆயிட்டேனேன்னு அன்னைக்கு எனக்கு அவமானமா இருந்துச்சு.

மறுநா பட்டறைக்காரன்கிட்டப் போயிக் கேட்டேன். அவன் வாயில இருந்த பீடியைக் கூட எடுக்கல. "அதெல்லாம் அப்படித்தான்க்கா இருக்கும். நீங்க எதுக்கு ராத்திரி ஓட்டுதீய?"ன்னான். சரிதான், வலி வாரவளுக்குக் காலையில வா மத்தியானம் வான்னு சொல்லி அனுப்புவான் போல. சவத்து மூதிக்கு ஒரு திருப்புளி வச்சுத் திருகத் துப்பில்ல. சவம் போகுதுன்னு வந்துட்டேன். போன்ல எவனோ ஒரு பையன் அழகா வெளக்கிப் போட்டிருந்தான். வீட்டுலயே செய்யலாம், ஒரு சுவரும் கொஞ்சம் இருட்டும் போதும்னான்.

கேளுங்க, உங்களுக்கும் உதவும். வண்டியைச் சமதளத்துல, சுவருக்கு நேரா, கொஞ்சம் தள்ளி நிப்பாட்டணும். டயர்ல காத்து சரியா இருக்கணும். தரையில இருந்து பல்பு எவ்வளவு உயரமோ, அந்த உயரத்துல சுவத்துல கோடு போடணும். ரெண்டு பல்புக்கும் நேரா செங்குத்தா ரெண்டு கோடு. அப்பம் சுவத்துல ரெண்டு சிலுவை மாதிரி இருக்கும். லைட்டைப் போட்டா வெளிச்சத்தோட மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்குச் சித்த கீழ விழணும். எதிர்ல வண்டி வாரது வலப்பக்கம்லா, அங்க ஏறவே கூடாது. எடப்பக்கம் கொஞ்சம் ஏறலாம், ஓரத்துல நடந்து போறவன் தெரியணும்லா. பானெட்டைத் தொறந்தா பல்புக்குப் பின்னால ஒரு திருகு இருக்கும், அதைத் திருகித் திருகிச் சரி பண்ணணும். ஒண்ணைப் பாக்கும்போது இன்னொண்ணைத் துணியால மூடிக்கிடணும். வண்டி ஓட்டும்போது ஆள் உக்காந்திருக்கோம்லா, அதனால டிரைவர் சீட்டுல ஒரு ஆள் பாரம் வேணும். இவ்வளவுதான் சங்கதி.

எங்க வீட்டுக்குச் சுத்துச்சுவர் கெடையாது, செடிவேலிதான். வடிவு வீட்டுச் சுவர்தான் நேரா, வெள்ளையா இருக்கு. வெள்ளைச் சுவத்துல சாக்பீஸ் தெரியாது. கோலத்துக்குப் போடுத காவி இருந்துச்சு, அதைக் கரைச்சுக் கோடு போட்டேன். பாரத்துக்கு யாரைக் கூப்பிட? அரிசி மூட்டையைத் தூக்கி சீட்டுல வச்சேன். அதுக்கு மேல ஒரு சாக்குத் தேங்காய் வச்சேன். அது சரிஞ்சு சரிஞ்சு விழுந்துச்சு, என் பழைய சேலை ஒண்ணைச் சுத்திக் கட்டி பெல்ட்டையும் மாட்டி விட்டேன். லைட்டை மூட, கிழிஞ்ச கொடையோட கறுப்புத் துணி இருந்துச்சு. இருட்டு வேணும்லா, நிலா இருந்தா விளிம்பு சரியாத் தெரியாது, அதனால அமாவாசையாப் பாத்து விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஆரம்பிச்சேன். முன் டயர் பக்கத்துல ரெண்டு எலுமிச்சம்பழம் நசுங்கிக் கெடந்துச்சு. அது அமாவாசைக்கு அமாவாசை வண்டிக்கு வைக்கது. எல்லாரும் வைக்கதுதான். வைக்காம வண்டி எடுக்க மனசு வருமா? அது வேற, இது வேற.

வண்டி முன்னால முட்டி போட்டு உக்காந்து, எத்தனை சுத்து திருகுனேன்னு மறந்துரக் கூடாதேன்னு வாய்விட்டு எண்ணிக்கிட்டு இருந்தேன். வடிவு கொல்லைக் கதவைத் தொறந்தா. கையில விளக்கு. சுவத்தைப் பாத்தா, காருக்குள்ள பாத்தா, என்னைப் பாத்தா.

"எக்கா, என்ன செய்யுதீய?"

எனக்கு எண்ணிக்கை போயிரும். தலையைத் தூக்காமலே சொன்னேன். "உன் மகளுக்குத்தான் செய்யுதேன். பாதியில கையெடுத்தா கோணிப்போயிரும். நீ உள்ள போ."

"உள்ள உக்காந்திருக்கது யாரு?"

"அது ஒண்ணுமில்லட்டி. பாரத்துக்குக் கட்டி வச்சிருக்கேன்."

"கண்ணு ஒண்ணு மூடியிருக்கே?"

"ஒரு கண்ணைக் கட்டுனாத்தான் இன்னொரு கண்ணை எறக்க முடியும்"னேன்.

கதவு படீர்னு சாத்துன சத்தம் கேட்டுச்சு. மழை வரப் போகுது, துணி எடுக்கப் போறா போலன்னு நெனச்சேன். என் வேலையை நான் முடிச்சேன். எவ்வளவு சுத்தமா வந்துச்சு தெரியுமா? ரெண்டு வெளிச்சமும் கோட்டுக்குக் கீழ ஒண்ணு போல வந்து நின்னுச்சு. வடிவைக் கூப்பிட்டுக் காட்டணும்னு ஆசையா இருந்துச்சு. கதவைத் தட்டுனேன், தொறக்கல.

காலையில எந்திரிச்சுப் பாக்கேன், சுவத்துல சாணியைக் கரைச்சு ஊத்தியிருக்கு. கோடெல்லாம் போச்சு. அவ வீட்டு வாசல்ல வேப்பிலைத் தோரணம். மத்தியானம் குறி சொல்லுத கோடாங்கி ஒருத்தன் உடுக்கையைத் தூக்கிட்டு வந்துட்டான். மூணு தெரு கூடிட்டு. ஆடுதான், கொட்டாவி விடுதான், கடைசியில சொல்லுதான், "செஞ்சது தெக்குப் பாத்த வாசல்"னு. இந்த வரிசையில தெக்குப் பாத்த வாசல் என் வீடு ஒண்ணுதான். அதைச் சொல்ல ஒரு சாமி எறங்கி வரணுமாக்கும். தெருவுல நிக்கிற எருமையைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கும்.

நான் சிரிச்சேன். மூதிகளா, ஆடுங்கன்னு ஜன்னல்ல நின்னு சிரிச்சேன். சுகந்தி காலேஜ் படிச்ச பிள்ளை, அது கையிலயும் வேப்பிலை கட்டியிருந்துச்சு. அதைப் பாத்ததும்தான் சிரிப்பு நின்னுச்சு.

ரெண்டு நா கழிச்சுத் தண்ணிக் குழாயில நிக்கேன். வடிவு எனக்கு முன்னால நின்னா. என்கிட்டப் பேசல. இன்னொருத்திகிட்டப் பேசுத மாதிரி, எனக்குக் கேக்கணும்னே சொன்னா: "பெத்துப் பாத்திருந்தால்லா தெரியும் அந்த அருமை. வயிறு எரிஞ்சா என்னதான் செய்ய மாட்டாவ."

குடம் நெறையும் முன்னால எடுத்துட்டு வந்துட்டேன். அடுக்களையில உக்காந்து அழுதேன்மா. சொல்லுததுக்கு என்ன, அழுதேன். இந்த ஊரு என்னை என்னெல்லாமோ சொல்லியிருக்கு, ஒண்ணும் ஒட்டுனதில்ல. அவ சொன்னது ஒட்டிட்டுது.

எதிர்வீட்டு வாத்தியார் சம்சாரம் வந்து, "ஒரு வார்த்தை சொல்லிருங்களேன், கார் லைட்டுதான்னு. முடிஞ்சு போச்சுல்லா"ன்னா. நான் எதுக்குச் சொல்லணும்? அவ என் உப்பைத் தின்னு, நான் அவ உப்பைத் தின்னு, என்னைத் தெரியாதா அவளுக்கு? தெரியாதவகிட்டச் சொல்லி என்ன, சொல்லாட்டி என்ன? அவ வந்து கேக்கட்டும். கேட்டாச் சொல்லுவேன். அவ கேக்கல. நானும் சொல்லல. அதுல என் தப்பு என்ன இருக்கு, நீங்களே சொல்லுங்க.

கார்த்திகை மாசம், பேய் மழை. பொழுது அடையுத நேரம். அவ வீட்டுல கசகசன்னு சத்தம். ஜன்னல் வழியாப் பாத்தேன், சுகந்திக்கு வலி கண்டுட்டுது. ஆம்புலன்ஸ் வெளிய போயிருக்கு, வர நேரமாகும்னு சொல்லியிருக்காவ. நான் சேலையை மாத்தி, சாவியைக் கையில எடுத்து, கதவுகிட்டயே நின்னேன். கூப்பிடுவான்னு நின்னேன். அவ என் வீட்டுப் பக்கம் திரும்பவே இல்ல. ஜங்ஷன்ல இருந்து தங்கதுரை வாடகைக் காரு வந்து நின்னுச்சு.

தங்கதுரை காரை நீங்க பாக்கணும். வெள்ளை வெளேர்னு பல்பு மாட்டி, கல்யாண மண்டபத்தைத் தூக்கிட்டு வார மாதிரி வருவான். மழையில அந்த வெளிச்சம் அப்படியே திரும்பி ஓட்டுறவன் மூஞ்சியிலதான் அடிக்கும். கோணல் வேற, வலப்பக்கத்து லைட்டு வானத்தைப் பாக்கும். அதுல ஏத்திட்டுப் போறா, நான் எம்புட்டோ பாத்துப் பாத்துச் சரி பண்ணி வச்ச வண்டியை விட்டுட்டு. போகட்டும்னு இருந்தேன்.

ஆனா எனக்கும் அன்னைக்குத் தென்காசியில ஒரு வேலை இருந்துச்சு. தைக்கக் குடுத்த ரவிக்கை வாங்கணும். மழைன்னா வாங்கக் கூடாதா? வாங்கணும்னா வாங்கணும்லா. அதனால வண்டியை எடுத்தேன்.

வாய்க்கால் பாலம் தாண்டி ஒரு வளைவு உண்டு. அங்க பாத்தா அவன் காரு நிக்கு. எதிர்ல ஒரு லாரிக்காரன் மூஞ்சியில லைட்டை அடிச்சிருக்கான், இவனுக்கு ரோடும் தெரியல, ஓரமும் தெரியல, எடப்பக்கச் சக்கரத்தைச் சகதியில எறக்கிட்டான். போன் வெளிச்சத்துல சக்கரத்தைக் குனிஞ்சு பாத்துட்டு இருக்கான், அவ்வளவு பெரிய லைட்டை வச்சிக்கிட்டு. வடிவு தலையில துண்டைப் போட்டு நடு மழையில நின்னு வாரவன் போறவனையெல்லாம் கும்பிடுதா. உள்ள சுகந்தி கத்துது.

நான் நிறுத்துனேன். எறங்கிப் பின் கதவைத் தொறந்து விட்டேன்.

வடிவு என்னைப் பாக்கல. என் வண்டி லைட்டைப் பாத்தா. ரெண்டு கண்ணையும் மாறி மாறிப் பாத்தா. மக சாகட்டும், இதுல ஏத்த மாட்டேன்னுதான் அவ முகத்துல எழுதியிருந்துச்சு. நான் கதவைப் பிடிச்சிக்கிட்டு நனைஞ்சிட்டு நிக்கேன். என் வாழ்க்கையில அப்படி எவ முன்னாலயும் நின்னதில்ல.

சுகந்திதான் எறங்குச்சு. வயித்தைப் பிடிச்சிக்கிட்டு, தங்கதுரை தோளைப் பிடிச்சு எறங்குச்சு. "எம்மா, நான் பெரியம்மா வண்டியில போறேன். நீ வந்தா வா, வராட்டி இங்கனயே நில்லு"ன்னுட்டு.

வடிவு ஏறுனா.

அன்னைக்கு ஓட்டுன ஓட்டம் மாதிரி நான் எப்பவும் ஓட்டுனதில்ல. வெளிச்சம் ரோட்டுல பாய் விரிச்ச மாதிரி கெடக்கு. ஓரத்து வெள்ளைக்கோடு தெரியுது, குழி தெரியுது, கொடை பிடிச்சுப் போறவன் காலு தெரியுது. எதிர்ல வந்த ஒருத்தனும் எனக்கு லைட்டை அடிச்சுக் காட்டல. இதுக்குத்தான்ட்டி செஞ்சேன்னு திரும்பிச் சொல்லணும் போல நாக்கு துடிச்சுது. நடுவுல இருக்க கண்ணாடியில பின்னால பாத்தேன். நான் பாக்கேன்னு தெரிஞ்சதும் முந்தானையை இழுத்து மக வயித்தை மூடிக்கிட்டா. சித்த நேரம் கழிச்சுப் பாத்தேன். திரும்பவும் மூடுனா. அதுக்குப் பெறகு நான் கண்ணாடியைப் பாக்கல. ரோட்டை மட்டும்தான் பாத்தேன்.

பொம்பளப் பிள்ளை. தாயும் பிள்ளையும் சுகம்னு நர்சு வந்து சொல்லிச்சு. நான் வராந்தாவுல பெஞ்சுல உக்காந்திருந்தேன். வடிவு வெளிய வந்தா. நேரா வந்து என் காலுல விழுந்துட்டா. நானும் அவளைத் தூக்கணும்னு குனிஞ்சேன். சரி, அறிவு வந்துட்டுது போலன்னு நெனச்சேன்.

"எக்கா, செஞ்சதை நீங்களே எடுத்துட்டீய. நீங்க நல்லா இருப்பீய"ன்னா.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அங்கனயே நாலு கேள்வி கேட்டிருப்பேன். அதுக்குள்ள நர்சு அவளைக் கூப்பிட்டுட்டுது.

அதுல இருந்துதான் இந்த ஊரு இப்படி ஆயிட்டு. வச்சதும் அவதான், எடுத்ததும் அவதான், அவ்வளவு சக்தின்னு பேச்சு. பிள்ளைத்தாச்சிகளைக் கூட்டிட்டு வாராவ. என் வண்டி முன்னால நிறுத்தி, "லைட்டை ஒருக்கா போட்டுக் காட்டுங்கம்மா"ங்காவ. போன வாரம் எவன் எலுமிச்சம்பழத்தோட வந்து நின்னான் தெரியுமா? பட்டறைக்காரன். கடையில யாவாரம் ஓடலியாம். போய் லைட்டைத் திருகப் படிலே, அப்புறம் யாவாரம் தானா ஓடும்னு வெரட்டி விட்டேன். அதுக்கும், அந்தம்மா அருள்வாக்கு சொல்லிட்டுதுன்னு சந்தோசமாப் போறான். இப்படி ஒரு சனத்தோட இருக்கேன்.

வடிவு இப்பம் கொல்லை வழியா வரதில்ல. வாசல்ல நின்னு கூப்பிடுதா. அக்காங்கதில்ல, அம்மாங்கா. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை பிள்ளையைக் குளிப்பாட்டி, மை வச்சு, தூக்கிட்டு வந்து என் மடியில போடுதா. "மனசுல ஒண்ணும் வச்சிக்கிடாதீங்கம்மா. உங்க பிள்ளையா நெனச்சிக்கிடுங்க"ன்னுட்டு, பயந்து பயந்து வாசப்படிக்கு அந்தப் பக்கம் போயி நின்னுக்கிடுதா. பயத்துலதான் கொண்டுவாரா. எனக்குத் தெரியாதா? முட்டாச் சனம். ஆனா அந்தப் பிள்ளைக்குப் பயம் கெடையாது. என் விரலைப் பிடிச்சா விடாது. ஒரு மணி நேரம் அப்படியே கெடக்கும்.

சுகந்தி ஒருநா தனியா வந்தா. "பெரியம்மா, அது கார் லைட்டுதானே? நான் போன்ல பாத்தேன், அதே கோடு, அதே மூடுன துணி. அம்மாகிட்ட நான் சொல்லிரவா?"ன்னு கேட்டா.

நான் வேண்டாம்னுட்டேன். அவ அறியாமைக்கு நான் எதுக்குப் பாடம் எடுக்கணும்? இருந்துட்டுப் போகட்டும். அதுவுமில்லாம, பயம் தெளிஞ்சுட்டா அவளுக்கு இங்க வர என்ன வேலை இருக்கு? பழைய மாதிரி அக்கான்னு வருவாளா? அது எனக்குத் தெரியல. வராம இருந்துட்டா?

உங்க வீட்டுக்காரர் வந்துட்டார். வாரதா இருந்தா மாசப் பொறப்புல வந்துருங்க, வீடு காத்தோட்டமான வீடு. வடிவு உங்களைக் கண்டிப்பா வந்து கேப்பா, அந்தம்மா நெசமாவே செஞ்சதான்னு. இந்த லைட்டு, திருகு, அரிசி மூட்டைக் கதையெல்லாம் அவகிட்டச் சொல்லிராதீங்க. ஆமா, செஞ்சதுதான்னு நானே என் வாயால சொன்னேன்னு சொல்லுங்க.